மலையேறாத அந்தோணி சார்

அந்தோணி சார் போய்விட்டார் என்று ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. செஞ்சி கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். செய்தி சொன்ன பழைய மாணவனுக்கு ஐம்பது வயதிருக்கும். விக்கி விக்கி அழுதான். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. நான் போனால் இவன் இப்படி அழுவானா என்ற நினைப்புதான்.

இணைபிரியாத நண்பர்கள் என்று நம்பித்தான் பழைய மாணவர்களாகிய நீங்கள் இந்த நினைவுக் குறிப்பை என்னிடம் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நண்பர்கள்தான். ஆனால் சென்னையில் நம் கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் வேலை பார்த்த காலமெல்லாம் அவரைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அவர் கணக்கு, நான் வரலாறு. கணக்கு வாத்தியாரைப் போய் யாருக்காவது பிடிக்குமா? உங்களுக்குப் பிடித்தது. காலை ஜெபத்தில் அவர் சுருதி விலகிப் பாடியதைக்கூட ரசித்தீர்கள்.

எனக்கென்று இருந்தது ஒரே ஒரு நாள். வருடந்தோறும் ஒன்பதாம் வகுப்பைச் செஞ்சிக்கோட்டைக்கு அழைத்து வருவோம். என் ஊர், என் பாடம். ராஜகிரி மலை உச்சிவரை நான் கூட்டிப்போவேன். அவர் ஏற மாட்டார். அடிவாரத்தில் கல்யாண மகாலருகே ஒரு கல்லில் உட்கார்ந்து, ஏற முடியாத பையன்களுக்கு வெள்ளரிப்பிஞ்சு நறுக்கித் தருவார். வெள்ளரி விற்கும் அம்மா எங்கள் ஊர்க்காரி, அவளும் என்னைப் பார்த்ததும், "கண்ணாடி சாரு இன்னா, இன்னும் வர்லியா?" என்று அவரைத்தான் கேட்பாள். வருடத்துக்கு வருடம் ஏற முடியாத பையன்கள் அதிகமானார்கள். கடைசி வருடம் உச்சியில் என்னோடு நின்றவர்கள் நாலே பேர்.

இறங்கி வந்து, ஒரு தடவையாவது ஏறினால்தான் என்ன சார் என்று கடுகடுத்தேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நானும் ஏறுனா பசங்க என் பின்னாலயே வருவாங்க, ஏழுமலை சார். மேல உங்க பேச்சைக் கேக்கட்டுமேன்னுதான் இங்கயே உக்காந்துடறேன்."

விட்டுக்கொடுத்தும் ஜெயிக்கிற மனிதரை என்ன செய்வது? திரும்பும்போது பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் உங்களில் சிலர் இங்கே வந்து, அவர் நினைவாக மலையேற வேண்டும் என்றீர்கள். எனக்கு முட்டி போய்விட்டது. நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். ஒருவரும் ஏறவில்லை. சுற்றி உட்கார்ந்துகொண்டீர்கள். உங்களில் யாரோ வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்து என் கையில் கத்தியைக் கொடுத்தார்.

அது அவருடைய இடம், அவருக்காக உட்கார்ந்த கூட்டம். தெரிந்துதான் நறுக்கினேன். அந்த ஒரு மணி நேரத்தை நானே வைத்துக்கொள்கிறேன். அவரே வந்து கேட்டாலும் தர மாட்டேன்.