எதிரே உட்கார்ந்து சாப்பிட ஒரு ரிசார்ட்

போன வாரம் ஒரு ரிசார்ட்டுக்குப் போன் செய்தேன். எனக்குப் போன் என்றாலே கூச்சம். கேஸ் சிலிண்டர் புக் பண்ணக்கூட மனைவியைத்தான் பேசச் சொல்வேன். ஆனால் இது அவளுக்காகப் போட்ட திட்டம். நான்தானே பேச வேண்டும்?

ரிசார்ட் ஊட்டியிலோ கோவளத்திலோ இல்லை. இதோ, எங்கள் காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிற கானாடுகாத்தான். பெரிய பழைய வீடு ஒன்றை ரிசார்ட்டாக மாற்றியிருக்கிறார்கள். தங்குவது, மூன்று வேளை விருந்து, சாயங்காலப் பலகாரம், மாட்டுவண்டி சவாரி — எல்லாம் சேர்த்து ஒரே ரேட்.

எதிர்வீட்டு மாணிக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏண்ணே, பக்கத்து ஊர்ல போயி ரூம் போடுறீகளா? மாட்டுவண்டிதான் வேணும்னா எங்க மச்சான்கிட்டச் சொல்றேன். வாசலுக்கே ஓட்டிக்கிட்டு வருவாரு!"

நானும் சிரித்து வைத்தேன்.

என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் இங்கே டயாலிசிஸ். நடுவில் கிடைக்கிற இரண்டு நாளில் எவ்வளவு தூரம்தான் போக முடியும்? கோயிலுக்கும் விசேஷத்துக்கும் தவிர நாங்கள் வெளியே தங்கியதே இல்லை. "ஒருதடவ ரிசார்ட்ல தங்கணும்" என்று அவளாகக் கேட்டாள். எதையும் கேட்கிற ஆள் இல்லை அவள்.

போனை எடுத்த பெண் ரொம்ப இனிமையாகப் பேசினாள்.

"வந்ததும் வெல்கம் டிரிங்க் இளநீர், சார்."

"இளநீர் வேணாம்மா."

"அப்ப நன்னாரி சர்பத்? மோர்?"

"அதுவும்... வேணாம்."

"தண்ணி, டீ, காபி எல்லாமே அன்லிமிடெட், சார்!"

அன்லிமிடெட்... என் மனைவி ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரைக் காலையிலேயே ஒரு சின்ன பாட்டிலில் அளந்து வைத்துவிடுகிறோம். சாப்பாட்டில் உப்பு கிடையாது. ஊறுகாய், வாழைப்பழம் எதுவும் கிடையாது. இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். வாய் வரவில்லை.

"டயட்ல இருக்கீங்களா, சார்?"

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்!

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி போனை வாங்கினாள். "பாப்பா, எனக்குக் கிட்னி போயிருச்சு. உப்பில்லாத சோறு கொஞ்சம் இருந்தாப் போதும். இவுகளுக்கு எல்லாத்தையும் வைங்க. கூச்சப்படுவாக, நீங்கதான் கேட்டுக் கேட்டு வைக்கணும்."

போனை வைத்ததும் நான் மெதுவாக ஆரம்பித்தேன். "பேசாம கேன்சல் பண்ணிருவமா? நீ சாப்பிட முடியாத எடத்துல எனக்கென்ன விருந்து..."

"வீட்ல மட்டும் என்ன வாழுதாம்? அடுப்படியில திரும்பி நின்னு திங்கிறீக. கொல்லப்பக்கம் போயி தண்ணி குடிக்கிறீக, களவாணி மாதிரி! நான் பார்க்கலேன்னு நெனப்பா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சமையல் நல்லாருக்குன்னு என்னைக்காவது வாயத் தொறந்து சொல்லிருக்கீகளா? உங்க மூஞ்சியப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவேன். இப்ப உப்புப் பார்க்கக்கூட என்னால முடியல. அந்த மூஞ்சியவும் திருப்பிக்கிட்டா நான் என்னத்தப் பார்த்துச் சமைக்க? அங்க டேபிள்தான், ஒளிய எடமில்ல. ரெண்டு நாளு எதுத்தாப்புல உக்காந்து சாப்பிடுங்க. அதுக்குத்தான் ரிசார்ட்டு."

சாப்பிட முடியாதவர் முன்னால் சாப்பிடக் கூடாது... அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். மரியாதை கொடுத்துக் கொடுத்தே ஒரு மனுஷியைத் தனியாக விட்டுவிட முடியும் போலிருக்கிறது.

அன்று மதியம் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தேன். முதல் கவளம் இறங்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புளி கூடிருச்சு" என்றாள், அவளாகவே.

சரியாகத்தான் சொன்னாள்.

வருகிற புதன்கிழமை கிளம்புகிறோம். அதற்குள் தினமும் பழகிக்கொள்ள வேண்டும்.

பசி இருந்தால் போதும், யாரும் சாப்பிட்டுவிடலாம் என்று சொன்னது யார்?