முல்லை வரைந்த கடிதம்

கொடைக்கானல் பஜாரில் பழைய கடிதங்களைச் சட்டம் போட்டு விற்கும் பாய் கடையில் இன்று ஒரு கோவை ஜோடி.

ஒரு கடிதத்தின் முன் சொக்கி நின்றார்கள். பச்சை மை, கொடி போல நீண்ட சுழிகள், ஓரமெல்லாம் பேனாவால் வரைந்த முல்லை.

"எங்க ரெண்டு பேருக்குமே தமிழ் வாசிக்க வராதுங்க. லவ் லெட்டர்தானே? கல்யாணப் பத்திரிகையில அப்படியே பிரிண்ட் பண்ணணும்" என்றாள் பெண்.

பக்கத்தில் நின்றிருந்த நான் வாசித்துப் பார்த்தேன். பண்ணைக்காட்டிலிருந்து ஒருத்தி புருஷனுக்கு எழுதியது: 'உங்க அம்மா இருக்கிற வீட்டுக்கு இனி வரமாட்டேன். வேணும்னா நீங்க இங்க வந்துருங்க.'

"யாவாரத்தக் கெடுத்துராதீங்க" என்று பாய் காதோரம் கெஞ்சினார்.

மனசு கேட்கவில்லை. பெண்ணிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டேன்.

அவள் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். "மாமியாருக்கு நல்லாவே வாசிக்க வரும்ங்க" என்று என்னிடம் முணுமுணுத்தாள். பிறகு சத்தமாக, "பாய், இதையே பேக் பண்ணுங்க."

கோவைக்காரர்களே, முல்லை வரைந்த பத்திரிகை வந்தால், மாமியார் முகத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.