ரெண்டு முனை சாரும் ஒரு ஸ்க்ரூடிரைவரும்

"ஸ்க்ரூடிரைவரைக் கையில எடுக்கறவன் மெக்கானிக்யா. நான் இன்ஜினியர். எந்தப் பெட்டியா இருந்தாலும் ரெண்டு முனையை மட்டும் காட்டு. மூடியைத் திறக்காமலே உள்ளே இருக்கறதை ஒரு பாட்டரி, ஒரு ரெசிஸ்டர்னு சுருக்கிக் கொடுத்துடறேன். பெட்டி என்ன, மனுஷனையே சுருக்குவேன்!"

பாலிடெக்னிக்கின் மின்னியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக முழங்கிவரும் இந்தப் பிரகடனத்தால் அவருக்கு 'ரெண்டு முனை சார்' என்று பெயர் வந்தது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் பயன்பட்டது.

அவர் சொன்னதில் பொய்யில்லை. தெவெனின் என்பவர் கண்டுசொன்ன விதி அது. உள்ளே ரெசிஸ்டர்கள் எத்தனை சிக்கலாகப் பின்னிக் கிடந்தாலும், வெளியே நீட்டிய இரண்டு கம்பியில் நின்று பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே ஒரு பாட்டரியும் அதோடு தொடராக ஒரே ஒரு மின்தடையும்தான். ரெண்டு முனை சார் அதை ஊருக்கே நீட்டினார். பிரின்சிபாலுக்கு வோல்ட் அதிகம், மின்தடை அதைவிட அதிகம். சத்தம் வரும், லீவு வராது. ஸ்டோர் கீப்பருக்கு வோல்ட்டே கிடையாது. தம் மனைவிக்கு மின்தடை பூஜ்யம். கேட்டது கேட்டபடி வரும். இந்தக் கடைசிக் கணக்கை அவர் சரிபார்த்ததில்லை.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். அந்த மாதம் ஒரு மருத்துவமனையிலிருந்து நாற்பது வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார்கள். துணியும் அவர்களே அளந்து கொடுத்தது. சனிக்கிழமை நாற்பதும் குறையில்லாமல் போய்ச் சேர்ந்தால் வருடம் முழுக்க வேலை. ஒன்று குறைந்தாலும் கதை முடிந்தது.

ஊசிமுனைக்கு வெளிச்சம் வேண்டும் என்று அவர் கேட்க, சார் பன்னிரண்டு வோல்ட் விளக்கு ஒன்று கொண்டுவந்தார். அதற்கு மின்சாரம் தரும் பெட்டியைக் கடையில் வாங்கினால் கௌரவம் என்னாவது? ஆய்வகத்தில் கிடந்த இருபத்துநாலு வோல்ட் சப்ளையில் பத்து ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகப் போட்டு, ஒன்றின் இரு பக்கத்திலிருந்தும் பன்னிரண்டு வோல்ட்டை வெளியே இழுத்தார். கணக்கு அவருடையது; தகரப் பெட்டிக்குள் வைத்து முடுக்கியது ஸ்டோர் கீப்பர்.

திங்கட்கிழமை மனைவி சொன்னார். "என்னங்க, பெட்டி சுடுது."

"விளக்கு எரியுதா?"

"இல்ல, அணைச்சுத்தான் வெச்சிருக்கேன்."

"அப்புறம் எப்படிம்மா சுடும்? முனையில ஒண்ணும் மாட்டலைன்னா கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாம சூடு வராது. இங்க பாரு." மீட்டரை வைத்துக் காட்டினார். பன்னிரண்டு வோல்ட், அச்சு அசலாக.

"மீட்டர் சொல்லுது சரி. கை வேற சொல்லுதே?"

"கைக்கு அளவுகோல் கிடையாதும்மா."

செவ்வாயும் புதனும் இதே வழக்கு, இதே தீர்ப்பு. வியாழனன்று வாதி வரவில்லை.

வெள்ளி மாலை சார் வீடு திரும்பியபோது மனைவி விளக்கை விட்டுவிட்டுச் சமையலறை ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இங்க உக்காந்திருக்க?"

"ஒண்ணுமில்ல."

கேள்வி ஒரு முனை, பதில் மறுமுனை, நடுவே பூஜ்யம். திருப்தியோடு போய்ப் பெட்டியின் மேல் சாப்பாட்டுப் பையை வைக்கக் குனிந்தவர் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பெட்டிக்கு அடியில் வெட்டிய துணி ஒன்று ஒட்டிக் கிடந்தது. வெள்ளைக் கோட்டின் கை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு.

விரலை வாயில் வைத்தபடி கணக்குப் போட்டார். இந்த முறை முனைக்கு வெளியே நிற்கவில்லை. இருபத்துநாலை இருபதால் வகுத்தால் ஒன்று புள்ளி இரண்டு ஆம்பியர். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் அது அந்த இரண்டு ரெசிஸ்டருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய இருபத்தொன்பது வாட் சூடு. முனையில் நிற்பவனுக்கு அதில் ஒரு துளியும் தெரியாது. தெவெனின் விதி வெளியே நடப்பதற்கு மட்டும்தான் ஜவாப்தாரி; உள்ளே வேகிறதற்கு அல்ல. முதலாமாண்டுப் பாடம். அவரே நடத்துவது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சமையலறைக்குப் போனார். மனைவி துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் புதுக் கை ஒன்று உண்டாக்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லைன்னியே."

"மூணு நாள் சொன்னேன். மூணு நாளும் மீட்டரைக் காட்டினீங்க. அது என்கிட்ட ஏதாவது கேட்டுச்சா?"

சார் எதிரே தரையில் உட்கார்ந்தார். அன்று மனைவி நெடுநேரம் பேசினார். பெட்டியைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் வேறு. சார் பட்டன் எடுத்துக் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மருத்துவமனை அம்மா நாற்பது கோட்டையும் உதறிப் பார்த்தார். ஒட்டுத் தையல் மணிக்கட்டு மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. அடுத்த நாற்பதுக்குத் துணி வந்தது.

திங்கட்கிழமை ஸ்டோர் ஜன்னலில் ரெண்டு முனை சார் நின்றார்.

"ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு குடுய்யா."

ஸ்டோர் கீப்பர் காதில் செருகிய பேனாவை எடுத்தார். "உங்களுக்கா சார்? எதுக்குன்னு எழுதணுமே."

சார் நோட்டைத் தம் பக்கம் திருப்பி, தாமே எழுதினார்: 'திறந்து பார்க்க.' கையெழுத்தும் போட்டார்.