ஜோதிமணி சொன்ன விலை

ஜோதிமணியைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். அவள் வேலை பார்க்கும் லாட்ஜின் பழைய ரேட் கார்டை அடித்துக் கொடுத்தவன் நான்தான். ‘அறை வாடகை ரூ. 400’ என்பதைக் கட்டைவிரல் பருமனில் போட்டேன். அடியில் ‘இதர கட்டணங்கள் தனி’ என்று ஒரு வரி. ஓனர் பார்த்துவிட்டு அந்த வரியை இன்னும் சின்னதாக்கு என்றார். ஆக்கினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நானே படிக்க முடியாத அளவுக்கு ஆக்கினேன். காசு வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் என்னுடையது ஜெராக்ஸ் கடை. ரெண்டு ஸ்கூட்டர் நின்றால் ஆட்டோ நுழைய முடியாத சந்து. லாட்ஜ் நேர் எதிரில். பெயரை எழுதப் போவதில்லை, எழுதினால் ஓனர் கடைக்கு வந்து கத்துவார், எனக்கு ரத்தக் கொதிப்பு. ரூம் எடுக்க ஆதார் நகல் வேண்டும் என்பதால் அங்கே வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள். பாதிப் பேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். கையில் ஸ்கேன் கவர், தோளில் பை, பின்னால் முகம் வெளுத்த ஓர் ஆள். அவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் மேல் இல்லை, எதன் மேல் என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்ததில்லை.

ஜோதிமணி கொள்ளேகாலைத் தாண்டிக் காட்டோரத்தில் இருக்கும் கோபிநத்தத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு மைசூருக்கு வந்தாள். மகள் ஜீவிதாவுக்கு நாலு வயதிருக்கும்போது அவன் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். அதற்கப்புறம் இந்த லாட்ஜில் ரூம் பெருக்க வந்து சேர்ந்தாள். ரிஜிஸ்டரைப் பார்த்துப் பார்த்துக் கன்னட எழுத்துப் படித்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்து ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த அன்றைக்கு எனக்கு ஒரு மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்து, “ஆழ்வார் சார், இனிமே நீங்க என்னை மேனேஜர்னுதான் கூப்பிடோணும்” என்றாள். நான் கூப்பிடவில்லை. ஆனால் ஊரில் கூப்பிட்டார்கள். ‘மைசூர்ல நம்ம புள்ள ஒண்ணு இருக்குது’ என்று அந்தக் காட்டோரத்து ஊர்களில் பேச்சாகிவிட்டது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் போன் அவளுக்குத்தான்.

ஓனர் சும்மா இருப்பாரா? கார்டில் அவள் நம்பரையும் சேர்த்து அடிக்கச் சொன்னார்.

போனில் ரூம் வாடகை மட்டும்தான் சொல்ல வேண்டும். அதுதான் உத்தரவு. கூடத் தங்கும் ஆளுக்குத் தனி, கட்டிலுக்குத் தனி, வெந்நீருக்குத் தனி, கஞ்சி காய்ச்சக் கரண்ட் அடுப்புக்குத் தனி, பராமரிப்பு என்று ஒன்று, அதற்கு மேல் வரி. எல்லாம் கூட்டினால் நானூறு எழுநூறைத் தாண்டும். இதெல்லாம் பில்லில்தான் தெரியும். நான் ஒருமுறை, “மொத்தத்தையும் முதல்லயே சொல்லித் தொலைச்சா என்னம்மா?” என்று கேட்டேன்.

“சொன்னா பக்கத்து லாட்ஜுக்குப் போயிருவாங்க சார். அவனும் நானூறுன்னுதான சொல்றான். அங்கயும் இதே கதைதான். நாங்க மட்டும் எழுநூறுன்னு சொல்லிப்போட்டு ரூமைப் பூட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கறதா?”

அது உண்மைதான். சந்தில் நாலு லாட்ஜ், நாலும் நானூறு. ஒருவர் மட்டும் நிஜத்தைச் சொன்னால் அவருக்குத்தான் நஷ்டம். ஆனால் மற்ற லாட்ஜ்களில் விலையைச் சொன்னவர்கள் யாரோ. இங்கே சொன்னவள் ஜோதிமணி. வெளியாளிடம் பத்துத் தடவை பேரம் பேசுகிற அந்த ஊர்க்காரர்கள், சொந்த ஊர்ப் பெண் ஒரு விலை சொல்லிவிட்டால் ‘அவ்வளவுதானா, வேறேதும் உண்டா’ என்று திருப்பிக் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம். அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு, அதற்குத் தகுந்த பணத்தை முடிந்துகொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

காளியப்பனும் அப்படித்தான் வந்தார், 2023-ம் வருஷக் கோடையில். அறுபதை நெருங்கின ஆள், வெள்ளை மீசை. மனைவி சரசுவுக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஞாயிறு தவிர தினம் ஒரு தடவை, ஐந்து வாரம். வைத்தியம் அரசாங்க அட்டையில் இலவசம். தங்குவதும் சாப்பிடுவதும்தான் செலவு. ஐந்து வாரத்துக்கு நானூறு வீதம் கணக்குப் போட்டு, கூடக் கொஞ்சம் கைச்செலவுக்கும் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

சரசு என் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் மாடிப்படி ஏறத் தெம்பு வரும்வரை அங்கேதான். என் மிஷின் ஓடுவதையே பார்த்துக்கொண்டு, “இதுலயும் வெளிச்சம் அடிக்குது, அதுலயும் வெளிச்சம் அடிக்குது. இது சுடறதில்லையாட்ட இருக்குது” என்று சொன்னாள். நான் யாரிடமும் சட்டென்று சிரிக்கிறவன் இல்லை. அன்றைக்குச் சிரித்தேன். ஜோதிமணி மதியத்தில் இறங்கி வந்து அவளுக்குத் தலை வாரிவிடுவாள். “அண்ணி, அஞ்சு வாரம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்” என்பாள்.

முதல் வாரம் முடிந்து பில் கொடுத்த நாளை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். தாளைக் குப்புற வைத்து நகர்த்தினாளாம். “கொஞ்சம் எக்ஸ்ட்ரா இருக்குதுங்கண்ணா” என்றாளாம். காளியப்பன் எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், “செரி அம்மிணி” என்று பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு நல்லா இருந்திருக்கும் சார் என்றாள்.

அவள் ஓனரிடம் போய்க் குறைக்கச் சொல்லிக் கேட்டாள். “உன் ஊரே வருது. உன் ஊருக்கே தள்ளுபடி கொடுத்துட்டு நான் எங்க போறது?” என்றார் ஓனர். அடுத்த வாரம் வெந்நீரையும் அடுப்பையும் அவளாகவே பில்லில் விட்டாள். ஓனர் கண்டுபிடித்து அவள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் அவள் ஒன்றும் செய்யவில்லை. ஜீவிதாவின் காலேஜ் ஃபீஸ் கட்டும் மாதம் அது. இதை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. அவளும் நியாயப்படுத்தியதில்லை.

மூன்றாவது வாரம் முடிந்த சனிக்கிழமை காளியப்பன் பையோடு இறங்கி வந்தார். “ஊருல மாரியம்மன் நோம்பி அம்மிணி. போயிட்டு ரெண்டு நாள்ல வந்தர்றோம்” என்றார். நோம்பி என்றால் அவர்கள் பக்கத்தில் திருவிழா. நடுவில் நிறுத்தக்கூடாதே அண்ணா என்றாள் ஜோதிமணி. ரெண்டே நாள்தான் என்றார். சரசு என் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்துக்குக் கீழே தோல் கறுத்துப் பொரிந்திருந்தது, சேலையை அதில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வைக்காமல் நடந்தே போனார்கள். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே ஒரு அறை அறையலாம் போலிருக்கிறது.

ரெண்டு நாளில் வரவில்லை. போன் எடுக்கவில்லை. கோபிநத்தத்தில் சிக்னல் கிடைப்பது அப்படி என்று ஜோதிமணி சமாதானம் சொல்லிக்கொண்டாள். ரூமைப் பத்து நாள் யாருக்கும் கொடுக்காமல் ரிப்பேர் என்று எழுதி வைத்திருந்தாள்.

தை மாதத்தில் பசம்மா என்று ஒரு கிழவி அந்த ஊரிலிருந்து ரூம் கேட்டுப் போன் பண்ணினாள். ஜோதிமணி பழக்கத்தில் நானூறு என்றாள்.

“இது நீ சொல்ற வெலையா, கடைசீல வாங்கற வெலையா?” என்று கேட்டாள் பசம்மா.

பதிலுக்குக் காத்திராமல் பசம்மாவே தொடர்ந்தாள்.

“சரசு போயிட்டா, தாக்கல் வல்லியா உனக்கு? மார்கழியில போயிட்டா. நோம்பியாவது ஒண்ணாவது! கையில பணம் தீந்துபோச்சு. அதை உன்றகிட்டச் சொன்னா நீ சங்கடப்படுவீன்னு அந்த மனுசன் நோம்பின்னு சொல்லிப்போட்டு வந்துட்டான்.”

அன்றைக்குச் சாயந்திரம் அவள் என் கடைக்கு வந்து உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரையும் கேட்டுவிட்டு வந்திருந்தாள். முழுசாக முடித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. அது யாராலும் சொல்ல முடியாதும்மா, ஆனால் முடித்திருக்க வேண்டும் என்றாராம் அவர். “பொய் சொல்லலையே சார் நான். நானூறு ரூம் வாடகைதான. பாதியத்தான சொல்லாம உட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஜீவிதாவுக்குக் கன்னடம்தான் சரளம். “அர்த ஹேளோதூ சுள்ளே அம்மா” என்றாள். பாதி சொல்வதும் பொய்தான் என்று அர்த்தம். பெற்ற தாயிடம் அந்த நேரத்தில் சொல்கிற பேச்சா அது என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பெண் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

அப்போதுதான் பேப்பரில் ஒரு செய்தி பார்த்த ஞாபகம் வந்தது. ஆரம்பத்தில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, கடைசியில் ஒவ்வொன்றாக ஏற்றுவது செல்லாது, மொத்த விலையையும் முதலிலேயே சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்தது. அவளிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புகார் எழுதுங்க” என்றாள்.

“உன் லாட்ஜ் மேலயா?”

“நாலு லாட்ஜ் மேலயும் எழுதுங்க. எங்களுதை முதல்ல போடுங்க.”

பெயர் போடாமல் அனுப்பலாம் என்றேன். கேட்கவில்லை. ‘விலையைக் குறைத்துச் சொன்னவள் நான்’ என்றே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பழைய ரேட் கார்டின் நகலை நான் இணைத்தேன். அடித்தவன் பெயரை இணைக்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

சில மாதத்தில் நுகர்வோர் துறையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், நோட்டீஸ் வந்தது. ஜோதிமணி ஓனர் முன்னால் போய் நின்று, எழுதியது நான்தான் என்றாள். அவர் கத்தினார். விசாரணை நடக்கும்போது வேலையை விட்டு நீக்கினால் தனக்குத்தான் வம்பு என்று வக்கீல் சொல்லியிருப்பார் போல, நீக்கவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். நாலு லாட்ஜிலும் புதுப் போர்டு ஏறியது. இந்தப் போர்டையும் நான்தான் அடித்தேன். கட்டில், வெந்நீர், அடுப்பு, வரி எல்லாம் உட்பட ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு எழுநூற்று இருபது, வேறு கட்டணம் கிடையாது. கன்னடத்தில், இங்கிலீஷில், கீழே ஜோதிமணி அடம்பிடித்துத் தமிழில். எல்லாம் ஒரே அளவு எழுத்து.

அதற்கப்புறம் அவள் போனில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எழுநூற்று இருபது, இதுக்கு மேல ஒரு ரூபாய் கிடையாதுங்க என்பாள். ஊர்க்காரர்கள், எழுதி போனுக்கு அனுப்பு என்பார்கள். அனுப்புவாள். வந்து போர்டை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார்கள். சட்டப்படி அதுதான் சரி. அவளுக்கு அது ஒவ்வொரு முறையும் வலித்தது.

போன வருஷம் ஆடி மாதத்தில் காளியப்பன் வந்தார். சரசு பெயரில் ஒரு சின்ன இன்ஷூரன்ஸ் இருந்திருக்கிறது, அதற்கு ஆஸ்பத்திரிப் பேப்பர்களை நகல் எடுக்க வேண்டும். கூட மகள் காவேரி. ஆள் பாதியாகியிருந்தார். நான் தாளை மிஷினில் வைத்துக்கொண்டிருக்கும்போதே ஜோதிமணி எதிரிலிருந்து ஓடி வந்தாள். “வாங்கண்ணா” என்றாள். காவேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காளியப்பன், “நல்லா இருக்கறயா அம்மிணி?” என்று கேட்டார்.

அவள் அவர் கையைப் பிடித்து எதிரே அழைத்துப் போனாள். நானும் பின்னால் போனேன். போர்டு முன்னால் நிறுத்தி, சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி வரிக்கு வரி வாசித்தாள். “இப்பெல்லாம் மறைக்கறதில்லைங்கண்ணா. யாரு கேட்டாலும் முழுசாச் சொல்லிப்போடறோம். நாந்தான் எழுதிப் போட்டு மாத்த வெச்சேன்” என்றாள். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று அவள் முகம் ஏங்கியது. பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அவர் போர்டை நிதானமாகப் பார்த்தார்.

“இத்தனைதானா, எல்லாஞ் சேத்து?”

“ஆமாங்கண்ணா.”

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா கையோட கொண்டாந்திருப்பனே அம்மிணி. பணம் எடுக்கத்தான ஊருக்குப் போனது. அவளை இங்க ஒத்தையில உட்டுப்போட்டுப் போவ முடியுமா? கூட்டிட்டுப் போனேன். ஊட்டுல போய்ப் படுத்தவ, மறுபடி அத்தனை தூரம் பஸ்ல வரமாட்டேன்னுட்டா. கால்ல உழுந்து கூப்பிட்டேன், வல்லை.” குரலில் கோபமே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். “பணமில்லாம இல்லை. பட்டியில ஏழு ஆடு நின்னுச்சு, அம்மிணி. ரெண்ட வித்திருந்தாப் போதும்.”

ஜோதிமணி அவர் கையை விட்டுவிட்டாள். காவேரி நகல்களை வாங்கிக்கொண்டு வந்து, கொள்ளேகால் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். அவர்கள் போன பிறகும் ஜோதிமணி அந்தப் போர்டுக்குக் கீழேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். உள்ளே போன் அடித்தது. அவள் எடுக்கப் போகவில்லை.