வண்டிக்குள் இருந்தவருக்குக் கிடையாது

எண்பதுகளின் கடைசியில் பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கினேன். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் கார் வைத்திருந்த வாத்தியார் நான் ஒருவன்தான். அந்தப் பவிசில் தெரிந்தவர் யாரைக் கண்டாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம் முடிந்து கிளம்பும்போது எங்கள் டிராயிங் மாஸ்டர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். "பஸ்ஸுலயே வாரேன் சார்" என்றவரை வம்படியாக முன்சீட்டில் உட்காரவைத்தேன். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் குறுக்கே ஒரு எருமை வந்தது. ஒடித்துத் திருப்பினேன். வண்டி புளியமரத்தில் போய் மோதியது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அவருக்கு இடது முழங்கால் நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவியிடம், "கவலைப்படாதீங்கம்மா, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொன்னேன். பாலிசியை நான் அதுவரை பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஏஜெண்ட் வீட்டுக்குப் போனேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு படித்துக் காட்டினார். வெளியே நடந்து போகிற ஆளை வண்டி இடித்தால் அவருக்குப் பணம் உண்டு. வண்டிக்குக் கிடையாது. சும்மா ஏறி உட்கார்ந்து வந்தவருக்கும் கிடையாது.

"வாங்கும்போது இதைச் சொல்லலையே?"

"போலீஸ் மறிச்சா காட்ட ஒரு பேப்பர் போதும்னு நீங்கதான சார் சொன்னீங்க."

சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலமே ஏஜெண்ட் ஒரு வக்கீலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். கட்டிலில் உட்கார்ந்த வக்கீல், மாஸ்டருக்கு யாரோ வாங்கி வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் பல்லைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"ஸ்டேஷன்ல இன்னும் எழுதிக் கொடுக்கலேல்ல? நல்லதாப் போச்சு. மாஸ்டர் ரோட்டோரமா நடந்து வந்தாரு, கார் இடிச்சிருச்சுன்னு எழுதுவோம். பார்த்தேன்னு சொல்ல டீக்கடையில ஆள் இருக்கு. எம்புட்டு எலும்பு போயிருக்கோ அம்புட்டுக்குக் கேக்கலாம்."

கேட்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் என் வாய், "செஞ்சிரலாம்" என்றது. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கண்களை மூடிக்கொண்டார்.

வராந்தாவில் வக்கீல் என் தோளில் கை போட்டார். "உங்க மேல ஒரு கேஸ் வரும். அஜாக்கிரதையா ஓட்டிக் காலை ஒடிச்சதுன்னு. ஃபைனோட போயிரும், பயப்படாதீங்க."

"வேலைக்கு எதுவும் வருமா?"

"மெமோ கிமோ வரலாம். பொறவு பார்த்துக்கிடலாம்."

உள்ளே போனேன். "பொய் எதுக்கு மாஸ்டர்? நமக்கு அது வேண்டாம்" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. வாழைப்பழம் தின்றவனாவது தான் செய்வது இன்னதென்று மறைக்கவில்லை.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "வராந்தாவுல பேசுனது இங்க கேட்டுச்சு சார்" என்றார். கோபமே இல்லை. "நானும் சம்மதிச்சிருக்க மாட்டேன். நீங்க போயி செத்த நேரம் படுங்க."

நசுங்கிய வண்டியை விற்று வந்த பணத்தை அவர் மனைவியிடம் கொடுத்தேன். எண்ணாமல் வாங்கிக்கொண்டார். நாலு மாதம் கழித்து மாஸ்டர் கம்பு ஊன்றிப் பள்ளிக்கூடம் வந்தார். அந்தக் கால் கடைசி வரை மடங்கவில்லை. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் அவரால் வரைய முடியாமல் போயிற்று.

விஷயம் எப்படியோ வெளியே வந்து, பொய்க்கேஸுக்கு ஒத்துக்கொள்ளாத மனிதர் என்று எனக்கு ஊரில் பெயர் வந்தது. நான் ஓய்வு பெற்ற நாளில் தலைமையாசிரியர் அதை மேடையில் சொன்னார். முன்வரிசையில் மாஸ்டர் காலை நீட்டியபடி உட்கார்ந்து, எல்லோருடனும் சேர்ந்து கை தட்டினார்.