அப்பாவின் மூச்சை மாற்றிச் சொன்னேன்

“டாக்டர் பேசுறது ஒனக்குப் புரியுமா லா, இல்ல சும்மா தலையாட்டிட்டு வருவியா?” நானும் அப்பாவும் கிளம்பும்போது, ஈப்போவின் புந்தோங் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் அத்தை கேட்டார்.

எல்லாம் புரிந்தது. புரிந்தும் பொய் சொன்னேன். அப்பாவின் மூச்சைப் பற்றி.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போனவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, இப்போதும் உண்டு... ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். வயது ஏற ஏற நுரையீரலின் இரத்தக் குழாய்கள் விறைத்துப்போகும். ஆண்டுக்கணக்கில் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கும் அப்படித்தானா என்பதே எங்கள் ஆய்வு.

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, லாரி ஓட்டிப் பிழைத்து, அறுபத்து மூன்று வயதிலும் ஓட்டத்தை விடாத என் அப்பாவை அதில் சேர்க்க அழைத்துப் போனேன். எவ்வளவு பெருமையாக!

அப்பாவுக்கு மலாய் வரும். ஆனால் எதிரே டாக்டர் உட்கார்ந்துவிட்டால், எங்கள் வீட்டில் படித்த பிள்ளைதான் பேச வேண்டும். “மக படிச்சது, அதே சொல்லட்டும்” என்று கைகட்டிக்கொண்டார்.

ஓடும்போது மூச்சுத் திணறுமா என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“மேட்டுல மூச்சு அடைக்குது மா. முன்ன இப்படி இல்ல.”

இல்லை என்றேன் டாக்டரிடம். ஒரே சொல்.

திணறல் உள்ளவர்களை ஆய்வில் சேர்க்காமல் சிகிச்சைக்கு அனுப்பிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். உடன் வேலை செய்கிறவர்கள் முன்னால் என் அப்பா நோயாளியாக வெளியேறுவதா? அந்தக் கணத்தில் நான் காப்பாற்றியது யாரை... அவரையா, என் பீற்றலையா?

பரிசோதனைக்கு அவர் முறை வர நான்கு மாதம் இருந்தது. அதுவரை ஓடினார். மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, மேட்டிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டார். நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறியிருந்தது. முன்பே வந்திருந்தால் இவ்வளவு முற்றியிருக்காது என்றார் மருத்துவமனை டாக்டர்.

“நான்தான் அன்னிக்குச் சரியா சொல்லல போல” என்றார் அப்பா.

நான் வாய் திறக்கவில்லை. ஒன்பது நாட்கள்!

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “சோறு போடு மா” என்றார்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். களைத்துப்போயிருக்கிறேன்...

இன்று காலை, நான் சொன்ன பொய்யை எழுதிக் கையெழுத்திட்டு, ஆய்வை நடத்தும் பேராசிரியரின் மேசையில் வைத்தேன். அவர் அறையைப் பூட்டி, என்னிடமிருந்த சாவியை அலுவலக எழுத்தரிடம் கொடுத்தாயிற்று. இனி உள்ளே போய் அதை எடுக்க முடியாது.