அம்மை போட்ட கம்ப்யூட்டர்

அருப்புக்கோட்டையிலேயே முதன்முதலில் கம்ப்யூட்டர் வைத்திருந்த பள்ளிக்கூடம் எங்களுடையது என்று தாளாளர் சொல்லிக்கொள்வார். ‘வைத்திருந்த’ என்பது சரியான சொல்தான். வைத்திருந்ததைத் தவிர வேறெதுவும் அவர் செய்யவில்லை.

எண்பதுகளில் நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தபோது, எங்கள் ஊர் பந்தல்குடியில் சொந்தபந்தமெல்லாம் துக்கம் விசாரிப்பதுபோல அப்பாவிடம் வந்து போனது. “பொட்டப்பிள்ள ரேடியோ ரிப்பேரு பாத்து என்ன செய்யப் போகுது?” படிப்பு முடிந்து டவுனில் ஒரு டி.வி. கடையில் வேலைக்கு உட்கார்ந்தேன். படம் ஏன் ஓடுகிறது, ஏன் புள்ளி விழுகிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவேன். “சரி பண்ணிக் குடுத்தாப் போதும், பாடம் எடுக்காத” என்று கடைக்காரர் கடிந்துகொள்வார். எனக்கோ பாடம் எடுப்பதில்தான் ருசி. மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன்.

தாளாளர் வத்தல் மண்டிக்காரர். மிளகாய் வத்தலைக் கையில் அள்ளிப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். அதோடு நின்றிருக்கலாம், பள்ளிக்கூடமும் கட்டினார். பிள்ளைகள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருக்க, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏ.சி. ரூம், சரிகைக் கரை வைத்த உறை. வாரம் ஒரு முறை பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக வந்து தரிசனம் செய்துவிட்டுப் போக வேண்டும். “கை படாமப் பாத்துக்கங்க டீச்சர்” என்பார். உண்டியல் ஒன்றுதான் வைக்கவில்லை.

நான் வகுப்புத் தரையில் சாக்பீஸால் கீபோர்டு வரைந்தேன். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, சிமெண்டில் விரல் வைத்து அடித்துப் பழகினார்கள். திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கண்ணை மூடிக்கொண்டே தன் பெயரை அடிப்பாள். தரையில் எதுவும் வராது. அவள் விரல் போகிற இடத்தைப் பார்த்து, சரி என்று நான்தான் சொல்ல வேண்டும்.

“நெசக் கம்ப்யூட்டர எப்ப டீச்சர் தொடுவோம்?” என்று வாராவாரம் கேட்பாள். கம்ப்யூட்டர் டீச்சர் என்று பெயர் வைத்துக்கொண்டு ‘அடுத்த வாரம்’ என்று தள்ளிப்போடுவது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மண்டித் தராசு, பள்ளி வேன் எல்லாவற்றுக்கும் வைத்த கையோடு, கம்ப்யூட்டருக்கும் தாளாளரே சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று நான் போட்டுப் பார்த்தபோது அது ஓடவில்லை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பிளாப்பியைச் செருகினால்தான் கண் விழிக்கும். பிளாப்பியைப் படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி ஆங்கிலம் வந்து நின்றது.

நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தாளாளர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டருக்கு வைரஸ் வரும் என்று பேப்பரில் படித்திருந்தார். அம்மை வருவதும் வைரஸால்தான் என்று அறிவியல் வாத்தியார் சொல்லியிருந்தார். திருச்சுழிப் பெண் அம்மை போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பூஜைக்கு முந்தின வாரம்தான் பள்ளிக்குத் திரும்பியிருந்தாள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டார் மனிதர்.

“அந்தப் பிள்ள பக்கத்துல நின்னு மூச்சு விட்டுருக்கு. ஒட்டிக்கிருச்சு.”

ஏ.சி. ரூம் வாசலில் வேப்பிலை கட்டப்பட்டது. அந்தப் பெண் இனி அந்தப் பக்கமே வரக் கூடாது, கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும்போது வெளியே உட்கார வேண்டும் என்று உத்தரவு. ஆசிரியர் அறையில் பட்டம் வாங்கிய ஒருவரும் அதை எதிர்க்கவில்லை. “அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் அறிவியல் வாத்தியார். அந்த ஆளை அதற்குப் பிறகு நான் மனுஷனாகவே மதித்ததில்லை.

“என்னாலயா டீச்சர் கெட்டுப்போச்சு?” என்று மட்டும் அவள் கேட்டாள்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் கம்ப்யூட்டரைக் கழற்றினேன். பிளாப்பி போகிற வாய்க்குள் குங்குமம் அப்பிக் கிடந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் ஓடியது. மறுநாள் காலையில் தாளாளரைக் கூட்டி வந்து, சிவந்துபோன பஞ்சை நீட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடுகிற திரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்துக் கும்பிட்டார்.

“பாத்தீகளா டீச்சர், வேப்பிலைக்கு உள்ள சக்திய.”

இந்த மனிதரிடம் உண்மையைச் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு. அவர் பாஷையிலேயே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“ஆமா சார். ஆனா வைரஸு திரும்பவும் வரும். அம்மை ஒருக்க போட்டவுகளுக்குத்தான் மறுபடி போடாது. அவுக தொட்டா மெசினுக்கும் ஒட்டாது. ஒங்களுக்குச் சின்னதுல போட்டுருக்கா சார்?”

“இல்லையே.”

“அப்ப நீங்க உள்ள வராம இருக்குறதுதான் நல்லது.”

மறுபேச்சில்லாமல் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். “அப்ப யாருதான் தொடுறது?” என்று அங்கிருந்தே கேட்டார். திருச்சுழிப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

அவள் உட்கார்ந்து, பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டே தன் பெயரை அடித்தாள். திறந்து பாரு என்றேன். பச்சை எழுத்தில் அவள் பெயர் நின்றது. “நெசமாவே வருது டீச்சர்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். டி.வி. கடையும் மதுரையும் கேட்ட பேச்சும் இதற்குத்தான் என்று இருந்தது எனக்கு.

அடுத்த வகுப்புக்கு ஏ.சி. ரூம் வாசலில் ஒரே கூட்டம். சட்டைக் கையை மடக்கியும் பாவாடையை முழங்கால் வரை தூக்கியும் ஆளாளுக்குத் தழும்பைக் காட்டினார்கள். தடுப்பூசித் தழும்பு, கொசுக்கடி, சிரங்கு. “எனக்கும் போட்டுருக்கு டீச்சர், எனக்கும்.”

“பாத்துத்தான விடுறீக?” என்று தாளாளர் தூரத்திலிருந்து கேட்டார்.

“பாத்துத்தான் சார் விடுறேன்” என்று சொல்லிவிட்டு, சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்திருந்த ஒருவனை உள்ளே அனுப்பினேன்.